ஹாங்காங்கில் ஒரு நாள்: டாக்ஸி வேண்டாம்

ஹாங்காங் போகிறவர்களுக்கு டிராவல் ஏஜென்ட் கொடுக்கும் பட்டியல் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்னிலேண்ட், மலைமேல் பெரிய புத்தர், கேபிள் கார், மெழுகுச் சிலைகள், இரவுச் சந்தை. போய் வாருங்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் ஒரு நாளைக் கழித்து, அந்த ஊரின் படகுக்கும் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் கொடுத்துவிடுங்கள். வண்டியில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டியதில் பாதியைப் பார்த்து முடித்துவிடலாம். நான் சொல்லப்போகிற வழியில் காலை முதல் இரவு வரை சுற்றினாலும் பயணச் செலவு அறுபது ஹாங்காங் டாலருக்குள் அடங்கும். ஒரு டாலர் சுமார் 11 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு வகை வண்டிகள் இந்த ஊரில் ஓடுவதற்குக் காரணம் அதன் நிலம்தான். ஹாங்காங் தீவில் சமதரை என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. கடலை விட்டுக் கரையேறியதுமே மலை தொடங்கிவிடும். 1841இல் ஆங்கிலேயர் வந்து போட்ட குவீன்ஸ் ரோடு அன்றைக்குக் கடலோரச் சாலை. இன்று அந்தச் சாலையில் நின்றால் கடல் எந்தப் பக்கம் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இடம் போதாதபோதெல்லாம் ஒரு பக்கம் கடலைத் தூர்த்தார்கள், இன்னொரு பக்கம் மலையில் ஏறினார்கள். தூர்த்த மண்ணில் டிராம், மலைக்குக் கயிறு இழுக்கும் ரயில், நடுச்சரிவுக்கு எஸ்கலேட்டர், மீதமிருக்கிற கடலுக்குப் படகு என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அவற்றில் ஏறி இறங்கினால் ஊர் வளர்ந்த கதை வரிசையாகக் கண்ணில் படும்.

கிளம்பும் முன்

இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் சுற்றுலாவாக 14 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம். ஆனால் வருகைக்கு முந்தைய பதிவு ஒன்றை ஆன்லைனில் செய்தே ஆக வேண்டும். 2017 ஜனவரியிலிருந்து இது கட்டாயம். ஹாங்காங் குடிவரவுத் துறையின் தளத்தில் இலவசமாகவே செய்யலாம். இதற்குப் பணம் கேட்கிற தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். பதிவு ஏற்கப்பட்டதும் வரும் தாளை அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும், வியர்க்காது. மார்ச், ஏப்ரலில் மலை உச்சியை மூடுபனி மூடிக்கொள்ளும்; ஏறிப் போனால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். கோடையில் புயல் வரும். எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றினால் படகும் டிராமும் நின்றுவிடும், ஊரே கடையடைத்து வீட்டுக்குப் போய்விடும். அன்று நீங்களும் அறையை விட்டு வெளியே வராதீர்கள்.

விமான நிலையத்தில் இறங்கியதும் ஆக்டோபஸ் கார்டு ஒன்று வாங்குங்கள். 1997இல் வந்த இந்தக் கார்டைத் தட்டினால் ரயில், பஸ், டிராம், படகு எல்லாம் ஏறலாம். மூலைக்கு மூலை இருக்கும் சிறு கடைகளில் தண்ணீர் பாட்டிலும் வாங்கலாம். ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டில் குடும்பம் முழுக்க ஏற முடியாது. ஊருக்குள் போக அதிவேக ரயில் இருக்கிறது. ஆனால் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சிம் சா சுயி பகுதியில் தங்குகிறவர்களுக்கு நான் ஏ21 பஸ்ஸைத்தான் சொல்வேன். மாடி பஸ், பெட்டி வைக்கத் தனி இடம் உண்டு, நேதன் ரோட்டிலேயே இறக்கிவிடும். போகிற வழியில் சிங் மா தொங்குபாலத்தைக் கடக்கும். அதன் நடு வளைவு மட்டும் 1,377 மீட்டர்.

காலை: படகு

எட்டு, எட்டரைக்குச் சிம் சா சுயி படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். பக்கத்தில் செங்கல்லும் கல்லுமாக 44 மீட்டர் உயரத்தில் ஒரு மணிக்கூண்டு நிற்கும். அது ஒரு பெரிய ரயில் நிலையத்தின் மிச்சம். நிலையத்தை 1978இல் இடித்தபோது கூண்டை மட்டும் விட்டுவைத்தார்கள்.

பச்சையும் வெள்ளையும் பூசிய ஸ்டார் ஃபெரி படகுகளுக்கு நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. 1880களில் இந்தப் போக்குவரத்தை நடத்தி, 1888இல் அதைக் கம்பெனியாக்கியவர் பம்பாயிலிருந்து போன பார்சிக்காரர், தொராப்ஜி நவ்ரோஜி மித்தைவாலா. பத்தாண்டு கழித்து அதை வாங்கியவர் கல்கத்தாவில் பிறந்த ஆர்மீனியர், பால் சாட்டர். ஒவ்வொரு படகின் பெயரிலும் ஒரு நட்சத்திரம் இருக்கும். கட்டணம் சில டாலர்தான், சனி ஞாயிறில் கொஞ்சம் கூடும். 1966இல் முதல் வகுப்புக் கட்டணத்தை ஐந்து காசு உயர்த்தியபோது ஓர் இளைஞர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அது ஊர்வலமாகி, பிறகு கலவரமாகவே வெடித்தது. இன்றும் விலை இவ்வளவு குறைவாக இருப்பதைப் பார்க்கும்போது அந்த ஐந்து காசு யாருக்கும் மறக்கவில்லை போலிருக்கிறது.

மேல் தட்டில், போகும் திசைக்கு இடப்பக்கம் உட்காருங்கள். மர இருக்கைகளின் முதுகுப் பலகையைத் தள்ளினால் முன்னும் பின்னும் மாறும். படகுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது. திரும்பாமலே வந்த வழியில் போகும். அதனால் பயணிகள்தான் பலகையை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். கரை நெருங்கும்போது நீலச் சீருடைப் படகாளி கொக்கிக் கழியோடு கயிற்றைப் பிடிப்பதைக் கவனியுங்கள். பயணம் பத்து நிமிடம்கூட ஆகாது. அதனால் போனை உள்ளே வைத்துவிட்டு, ஒரு தடவையாவது சும்மா பார்த்துக்கொண்டு போங்கள்.

முற்பகல்: டிராம்

எதிரே, தீவிலிருக்கும் சென்ட்ரல் துறையில் இறங்கி நடைமேம்பாலம் வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் டிராம் ஓடும் டெ வூ ரோடு. சென்ட்ரல் வந்ததும் எல்லோரும் நேராக எஸ்கலேட்டருக்குத்தான் போவார்கள். நீங்கள் போகாதீர்கள். காலை பத்து மணி வரை அது கீழ்நோக்கி மட்டுமே ஓடும். மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் வேலைக்கு இறங்கும் நேரம் அது. அதை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்வோம்.

நெற்றியில் 'நார்த் பாயிண்ட்' என்று போட்ட டிராமுக்குக் காத்திருங்கள். வேறு பலகை போட்டது கிழக்கே போனாலும் வேண்டாம், காரணத்தைப் பிறகு சொல்கிறேன். பின்வாசலில் ஏறி, முன்வாசலில் இறங்கும்போதுதான் காசு. எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். கார்டு இல்லையென்றால் சில்லறையைச் சரியாகப் போட வேண்டும், மீதி கிடைக்காது. ஏறியதும் குறுகலான படியில் மாடிக்குப் போய் முன்வரிசை ஜன்னலைப் பிடியுங்கள். அங்கே இடம் இல்லையென்றால் அடுத்த டிராமில் வாருங்கள், சில நிமிடத்தில் வந்துவிடும். ஏசி கிடையாது, ஜன்னலை இறக்கிவிட்டுக்கொள்ளலாம்.

1904இல் ஓடத் தொடங்கியது இந்த டிராம். மணியடிக்கும் சத்தத்தை வைத்து ஊர்க்காரர்கள் 'டிங் டிங்' என்பார்கள். வேகத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடியில் மெட்ரோ ரயில் ஓடியும் பாட்டிமார்களும் பள்ளிப் பிள்ளைகளும் இதில்தான் போகிறார்கள். வங்கிக் கோபுரங்கள், துணிக்கடைகள், மருந்துக்கடைகள், காய்ந்த கடல் பண்டங்கள் என்று மாடி ஜன்னலுக்கு எதிரே மாறிக்கொண்டே வரும். வான் சாய் பகுதியில் ஜான்ஸ்டன் ரோட்டில் தண்டவாளம் உட்பக்கமாக வளைந்து போகிறது. நேராகப் போட இடம் இருக்கும்போது ஏன் இந்த வளைவு என்று தோன்றும். தண்டவாளம் போட்ட நாளில் கரை அப்படித்தான் வளைந்திருந்தது. 1920களில் அதற்கு வடக்கே கடலைத் தூர்த்துப் புதுத்தெருக்கள் போட்டார்கள், தண்டவாளம் பழைய கரையிலேயே தங்கிவிட்டது.

நார்த் பாயிண்ட் பலகைக்குக் காரணம் கடைசி நிறுத்தத்துக்குச் சற்று முன் வரும். டிராம் திடீரென்று சுன் யியுங் தெருவுக்குள் நுழையும். அது ஒரு காய்கறி, மீன் சந்தை. இரு பக்கமும் கடைகள், நடுவில் கூடையோடு மக்கள், அவர்களுக்கு நடுவே ஊர்ந்து வரும் மாடி வண்டி. மணி அடித்தால் யாரும் பதறுவதில்லை. பேரம் பேசியபடியே ஓர் அடி நகர்ந்து, வண்டி போனதும் அதே இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி இது. இறங்கிச் சந்தையை நடந்தே பாருங்கள். மீன்வெட்டும் பலகைகளைத் தாண்டிப் போக வேண்டும் என்பதைச் சைவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

இங்கேயே ஒரு 'சா சான் தெங்' கடையில் காலை உணவை முடித்துக்கொள்ளலாம். நம் ஊர் டீக்கடைக்கும் ஓட்டலுக்கும் நடுவில் ஒன்று. பால் தேநீர் கேளுங்கள்: பெரும்பாலும் இலங்கைத் தேயிலை, துணிப்பையில் திரும்பத் திரும்ப வடித்தது, கெட்டிப் பால் சேர்த்தது. நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். கூடவே 'அன்னாசி பன்'. அதில் அன்னாசி இருக்காது. மேல் ஓடு வெடித்திருக்கும் விதத்தால் வந்த பெயர். முட்டை சாப்பிடாதவர்கள் வெண்ணெய் தடவிய டோஸ்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மாவுப் பண்டங்களில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதும் இங்கே சகஜம்.

மத்தியானம்: வான் சாய்

மேற்கே போகும் டிராமில் திரும்பி ஜான்ஸ்டன் ரோட்டில் இறங்குங்கள். உள்ளே நடந்தால் குவீன்ஸ் ரோடு ஈஸ்ட்டில், இரண்டு கட்டடங்களுக்கு இடுக்கில், பாறையோடு ஒட்டிக் கட்டிய ஹுங் ஷிங் கோயில் இருக்கிறது. மீனவர்கள் கும்பிடும் கடல் தெய்வம். கோயில் கட்டிய 1840களில் வாசலுக்கு எதிரே அலை அடித்தது. இன்று எதிரே பஸ்கள்தான். அளவில் மிகச் சிறியது, ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஆனால் டிராம் வளைவைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால்தான் கடல் எவ்வளவு தூரம் தள்ளிப்போயிருக்கிறது என்பது உறைக்கும்.

அதே சாலையில் கிழக்கே கால் மணி நேரம் நடந்தால், மலைச்சாலை பிரியும் இடத்தில், கால்சா திவான் குருத்வாரா. 1901இல் இங்கே படையிலும் போலீசிலும் இருந்த சீக்கியர்கள் தொடங்கியது. இப்போதைய கட்டடம் புதிது. யார் வந்தாலும் சைவச் சாப்பாடு உண்டு, காசு கிடையாது. ரொட்டி, பருப்பு, சில நாள் சோறு. தலையை மூடிக்கொள்ள வேண்டும், செருப்பைக் கழற்றிவிட வேண்டும், தட்டில் வாங்கியதை மீதம் வைக்கக் கூடாது. ஓசிச் சாப்பாடு என்று நேராகப் பந்திக்குப் போகாமல் வழிபாட்டுக் கூடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போங்கள், உண்டியலில் முடிந்ததைப் போடுங்கள். சிப்பிச் சாறும் உலர் இறாலும் எதில் ஒளிந்திருக்கும் என்றே தெரியாத ஊரில், சைவர்களுக்கு இதைவிட நிம்மதியான மத்தியானச் சாப்பாடு கிடைப்பது கஷ்டம்.

பிற்பகல்: எஸ்கலேட்டர்

டிராமில் சென்ட்ரலுக்குத் திரும்புங்கள். பழைய சென்ட்ரல் மார்க்கெட் கட்டடத்தின் மாடியிலிருந்து எஸ்கலேட்டர் வரிசை தொடங்குகிறது. 1993இல் திறந்தது. நீளம் 800 மீட்டருக்கு மேல், உயரத்தில் 135 மீட்டர் ஏற்றிவிடும். ஒரே படிக்கட்டு அல்ல. தெருவுக்குத் தெரு விட்டுவிட்டுத் தொடரும் கூரை போட்ட நடைபாதை. கட்டணம் இல்லை. வலப்பக்கம் நில்லுங்கள், அவசரக்காரர்களுக்கு இடப்பக்கம்.

முதல் மாடி, இரண்டாம் மாடி ஜன்னல்களை ஒட்டியே போவதால் முடிதிருத்தும் கடை, பார், யாரோ ஒருவர் வீட்டுக் கொடித்துணி எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். வோங் கர்-வாய் 1994இல் எடுத்த 'சுங்கிங் எக்ஸ்பிரஸ்' படத்தில் போலீஸ்காரரின் வீடு இந்த எஸ்கலேட்டரை ஒட்டித்தான் இருக்கும்.

ஹாலிவுட் ரோட்டில் கட்டாயம் இறங்குங்கள். நடைபாலத்திலிருந்தே 'தை குவன்' வளாகத்துக்குள் போய்விடலாம். பழைய போலீஸ் தலைமையகம், நீதிமன்றம், விக்டோரியா சிறை மூன்றும் சேர்ந்த இடம். 2018இல் கலை மையமாகத் திறந்தார்கள். அனுமதி இலவசம். 1931இல் கைதான ஹோ சி மின் இருந்த சிறை இது. கொட்டடிகளுக்குள் போய்ப் பார்க்கலாம். நான் ஒரு மணி நேரமாவது ஒதுக்கச் சொல்வேன்.

இதற்கு மேலும் ஏறினால் ஷெல்லி தெருவில், ஊரின் மிகப் பழைய பள்ளிவாசலான ஜாமியா மசூதி வரும். அதையும் தாண்டி உச்சி வரை போகலாம். ஆனால் அந்நேரத்தில் இறங்குவதற்கு எஸ்கலேட்டர் கிடையாது, அத்தனையும் படிக்கட்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் ஹாலிவுட் ரோட்டோடு நிறுத்தி, அதே மட்டத்தில் மேற்கே நடந்து மன் மோ கோயிலுக்குப் போகட்டும். 1847 வாக்கில் கட்டியது. மன் கல்விக்கு, மோ வீரத்துக்கு. கூரையிலிருந்து கூம்பு வடிவில் சுருள் ஊதுபத்திகள் தொங்கி நாள்கணக்கில் புகைகின்றன. சாம்பல் தோளில் உதிரும். பரீட்சை நேரத்தில் பெற்றோர் கூட்டம் இங்கேயும் உண்டு.

மாலை: உச்சி

விக்டோரியா பீக் போக எல்லோரும் சொல்வது பீக் டிராம். 1888இல் வந்த கயிற்று ரயில். அதற்கு முன் பணக்காரர்களைப் பல்லக்கில் சுமந்து ஏற்றினார்கள். முன்வரிசை இரண்டு இருக்கைகள் 1908 முதல் 1949 வரை கவர்னருக்கென்று ஒதுக்கி வைத்திருந்தவை. 1904இல் போட்ட சட்டப்படி சீனர்கள் உச்சியில் குடியிருக்கவே முடியாது, வேலைக்காரர்களைத் தவிர. 1946இல்தான் அது நீங்கியது. கதை சுவையானது. ஆனால் ரயிலில் ஏற நிற்கும் வரிசையும், ஒரு வழிக்கே அறுபது டாலரைத் தாண்டும் கட்டணமும் எனக்கு ஒப்பவில்லை.

பதினைந்தாம் எண் பஸ்ஸில் போங்கள். படகுத்துறைப் பக்கம், ஐந்தாம் எண் துறையருகே புறப்படும் மாடி பஸ். கட்டணம் பீக் டிராமைவிட மிகக் குறைவு. மாடி முன்வரிசையில் உட்கார்ந்தால், மத்தியானம் சாப்பிட்ட குருத்வாராவைக் கடந்து ஸ்டப்ஸ் ரோட்டில் ஏறத் தொடங்கியதும் வேடிக்கை ஆரம்பம். கொண்டை ஊசி வளைவு, கண்ணாடியில் உரசும் மரக்கிளைகள், ஒரு பக்கம் கீழே ஹேப்பி வேலி குதிரைப் பந்தயத் திடல். தலைசுற்றல் உள்ளவர்கள் கீழ்த்தட்டில் உட்காருவது உத்தமம். சூரியன் மறைய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது பஸ் ஏறினால் சரியாக இருக்கும். டிசம்பரில் ஐந்தே முக்கால் வாக்கிலேயே மறைந்துவிடும், ஜூனில் ஏழு தாண்டும்.

மேலே இறங்கியதும் கட்டணம் கேட்கும் மொட்டைமாடிக்குப் போகாதீர்கள். லுகார்ட் ரோடு என்ற நடைபாதையைக் கேட்டு நடங்கள். மலையின் இடுப்பைச் சுற்றிப் போகும் சமமான பாதை. குழந்தை வண்டிகூடத் தள்ளலாம். விழுதிறங்கிய ரப்பர் மரங்களைத் தாண்டி இருபது நிமிடத்தில் மரங்கள் விலகி முழுத் துறைமுகமும் தெரியும். காசு கொடுத்துப் பார்ப்பதைவிட நல்ல காட்சி என்பது என் கட்சி. காலையில் கடந்த கடல், டிராம் ஓடிய தூர்த்த மண், எஸ்கலேட்டர் ஏறிய சரிவு எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும் அந்த அரை மணி நேரம் அங்கேயே நில்லுங்கள். தெம்பு இருந்தால் ஹார்லெக் ரோடு வழியாக முழுச் சுற்றும் சுற்றி வரலாம், மூன்றரை கிலோமீட்டர், ஒரு மணி நேரம். மேலே காற்று ஜில்லென்று அடிக்கும், மெல்லிய ஸ்வெட்டர் வேண்டும்.

இறங்கவும் அதே பஸ். கூட்டம் அதிகமென்றால் ஒன்றாம் எண் மினிபஸ் சீக்கிரம் சென்ட்ரலுக்குக் கொண்டுவந்து விடும். ஓட்டுநர்கள் வளைவுகளில் தயங்குவதில்லை, பெல்ட் போட்டுக்கொள்ளுங்கள். பீக் டிராமில் போயே ஆக வேண்டும் என்று வீட்டில் அடம்பிடித்தால் இறங்கும்போது ஒரு வழிக்கு மட்டும் சீட்டு வாங்குங்கள். இருக்கைகள் மலையைப் பார்த்தே இருப்பதால் பின்பக்கமாகச் சரிந்து இறங்குவீர்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கும்.

இரவு

மறுபடி ஸ்டார் ஃபெரி. எட்டு மணிக்குக் கட்டடங்களில் ஒளிக்காட்சி நடக்கும். அதற்காக ஓட வேண்டாம், ஏமாற்றமாகத்தான் இருக்கும். வழக்கமாக எரியும் விளக்குகளே போதும். படகு நேரம் முடிந்துவிட்டால் சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம் சிம் சா சுயி. ரயிலுக்குள் எதையும் தின்னக் கூடாது, அபராதம் உண்டு.

இரவுச் சாப்பாட்டுக்கு நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961இல் கட்டிய 17 மாடிக் கட்டடம். கீழே செல்போன் கடைகள், பணம் மாற்றுபவர்கள், இந்திய, பாகிஸ்தான், ஆப்பிரிக்கச் சாப்பாட்டுக் கடைகள், மேலே சின்னச் சின்ன விடுதிகள். வாசலில் அறை வேண்டுமா, கைக்கடிகாரம் வேண்டுமா என்று மொய்ப்பார்கள். முகம் பார்க்காமல் நடந்தால் விட்டுவிடுவார்கள். பணம் மாற்றுவதானால் வாசல் கடையில் மாற்றாதீர்கள். உள்ளே போகப் போக விலை நன்றாக இருக்கும். அதே சாலையில் சற்று வடக்கே இருக்கும் வெள்ளைப் பளிங்குப் பள்ளிவாசல் 1984இல் எழுந்தது. இந்திய முஸ்லிம் படைவீரர்களுக்காக 1896இல் கட்டிய பழைய பள்ளி, அடியில் மெட்ரோ தோண்டியபோது பழுதாகிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் கூட்டத்தில் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காயல்பட்டினத்திலிருந்து ரத்தின வணிகத்துக்கு வந்த குடும்பங்கள் இந்தப் பகுதியில் பல காலமாக இருக்கின்றன.

ஊர் திரும்பும் நாளில் ஆக்டோபஸ் கார்டை விமான நிலைய ரயில் கவுண்டரில் கொடுத்தால் மிச்சத் தொகை கையில் வரும், சிறு கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் கார்டில் முன்பணம் திரும்பக் கிடைக்காது; எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.